ஜே. சி. டேனியல்

ஜே. சி. டேனியல் (ஜோசப் செல்லையா டேனியல், இறப்பு: ஏப்ரல் 27, 1975) கேரளத்தின் முதல் திரைப்படமான விகதகுமாரனை உருவாக்கியவர் ஆவார். மலையாளத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் இவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அகத்தீசுவரத்துடன் தொடர்புடைய நாடார் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இவரது பிறப்பாண்டு பெரும்பாலும் 1900 எனக் குறிக்கப்படுகிறது.

திரைப்பட முயற்சி

டேனியல் திரைப்படத் தொழிலை அறிய சென்னைக்கும் மும்பைக்கும் சென்றார். பின்னர் தம் நிலங்களை விற்றுத் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேசனல் பிக்சர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். விகதகுமாரன் ஓர் ஊமைப்படம். அதன் கதை, இயக்கம், தயாரிப்பு ஆகியவற்றை ஏற்றதோடு முதன்மை வேடத்திலும் இவரே நடித்தார். புராணக் கதைகள் மிகுந்திருந்த அக்காலத்தில், இலங்கைக்குக் கடத்தப்படும் ஒரு சிறுவனைப் பற்றிய சமூகக் கதையை இவர் தேர்ந்தெடுத்தார்.

எதிர்ப்பும் இழப்பும்

பி. கே. ரோசி என்னும் தலித் பெண் இப்படத்தில் நாயர் குலப் பெண்ணாக நடித்தார். இதனைச் சாதி இந்துக்களில் ஒரு பகுதியினர் பொறுக்கவில்லை. திருவனந்தபுரம் கேபிடல் திரையரங்கில் நடந்த முதல் காட்சியில் கலவரம் மூண்டது. திரை மீது கற்கள் வீசப்பட்டன. ஊரைவிட்டுத் தப்பிய ரோசி, நாகர்கோவில் பகுதியில் பெயர் மாற்றி வாழ்ந்ததாகக் கூறப்படுகிறது. பெரும் பொருளிழப்புக்குள்ளான டேனியல் படப்பிடிப்பு நிலையத்தை மூடினார்.  பின்னாளில் பல் மருத்துவராகத் தொழில் செய்தார். முதுமையில் அகத்தீசுவரத்தில் வறுமையில் வாழ்ந்து காலமானார்.

அங்கீகாரம்

1956-இல் மாநில மறுசீரமைப்பின்போது அகத்தீசுவரம் தமிழகத்துடன் இணைந்தது. நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகையை டேனியல் நாடியபோது, அவர் தமிழ்நாட்டில் வாழ்வது காரணமாகக் காட்டப்பட்டுக் கேரள அரசின் உதவி மறுக்கப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. இதழாளர் சேலங்காட்டு கோபாலகிருட்டிணன் தொடர்ந்து எழுதியதன் பயனாகவே இவர் வரலாற்றில் இடம்பெற்றார். கேரள அரசு 1992-இல் இவர் பெயரில் விருதொன்றை நிறுவியது. கமல் இயக்கிய செல்லுலாய்டு (2013) என்னும் மலையாளப் படம் இவரது வாழ்வை அடிப்படையாகக் கொண்டது.

திரைப்பட ஆய்வில்

விகதகுமாரனின் படச்சுருள் எஞ்சவில்லை. தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமாகக் கருதப்படும், நடராஜ முதலியாரின் கீசக வதமும் இவ்வாறே அழிந்துவிட்டது. எனவே இக்காலப் படங்களை ஆய்பவர்கள் விளம்பரம், நாளிதழ்ச் செய்தி, நேர்காணல் போன்ற புறச்சான்றுகளைச் சார்ந்திருக்க வேண்டியுள்ளது. விகதகுமாரன் வெளியான நாள் 1928 நவம்பர் 7 என நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பிற்கால ஆய்வாளர்கள் சிலர் 1930 அக்டோபர் 23 என்கின்றனர்.

திரையில் தோன்றும் கதையை மட்டுமன்றி, யார் நடிக்கலாம், யார் பார்க்கலாம், யார் நினைவுகூரப்படுகிறார் என்பவற்றையும் ஆராய வேண்டும் என்பதற்கு டேனியல், ரோசி ஆகியோரின் வரலாறு சான்றாக உள்ளது.