கடலுக்கு அந்தப் பக்கம்

உங்க பிறப்புச் சான்றிதழை வேற யாரோ காசு கட்டி வாங்கிட்டா என்ன ஆகும்? 1870களின் லண்டனில் அப்படித்தான் நடந்தது. வயதில் மூத்த ஒரு பெண்ணின் சான்றிதழை வாங்குவார்கள். வேலை கிடைக்கும் என்று நம்பி வந்த சிறுமியிடம் அதைக் கொடுத்து, பிரஸ்ஸல்ஸுக்குக் கப்பல் ஏற்றுவார்கள். 21 வயது ஆகாதவரை அங்கே விபசார விடுதியில் பதிவு செய்யக் கூடாது. ஆனா காகிதத்துல 21 ஆயிடுச்சே! பொய்ப் பெயர் என்பதால் அந்தப் பிள்ளை போலீசிடம் போகவும் பயப்படும்.

இதை அம்பலப்படுத்தப் போராடியவர்களில் ஒருவர் ஜோசபின் பட்லர். 1828-இல் இங்கிலாந்தின் வடக்கே பிறந்தவர். 1864-இல் சின்ன மகள் ஈவா மாடியிலிருந்து விழுந்து இறந்தாள். அந்தத் துக்கத்தோடு லிவர்பூல் போனவர், அங்கிருந்த ஏழையர் விடுதியில் பழைய கப்பல் கயிற்றைப் பிரிக்கும் பெண்களோடு தரையில் உட்கார்ந்து தானும் பிரித்தார். சிலரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். கணவர் கல்லூரி முதல்வர் வேற. ஊர் என்ன பேசியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அவர் தடுக்கவே இல்லை.

ஒரு நாட்டுச் சட்டம் மட்டும் போதாது என்று பட்லருக்குப் புரிந்தது. 1875-இல் பல நாட்டவரைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். 1880-இல் பிரஸ்ஸல்ஸ் விவகாரத்தைப் பற்றி எழுதினார். ஆதாரம் கேட்டாங்க, சத்தியப் பிரமாணத்தோடு எழுதிக் கொடுத்தார். விடுதிக்காரர்கள் சிறைக்குப் போனார்கள், அந்த ஊர் போலீஸ் தலைவருக்கே பதவி போச்சு!

1904-இல் பாரிஸில் பல நாடுகள் ஒப்பந்தம் போட்டன: நாட்டுக்கு நாடு தகவல் பரிமாறுவது, ரயில் நிலையங்களையும் துறைமுகங்களையும் கண்காணிப்பது. அப்போது பட்லருக்கு வயது 76.