மூளையின் மறைபொருள் கண்ட ரியோ ஓர்தேகா

ஆசிரியர் சொல்லைத் தலைமேற்கொண்டு ஒழுகுதல் மாணாக்கர்க்கு அழகு. ஆயினும், மாணாக்கன் தன் கண்ணாரக் கண்டதோர் உண்மை ஆசிரியர் கொள்கையொடு மாறுபடுமாயின், அவன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிச் சென்றவர் ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்தேகா என்பவர். அவர்தம் சரிதையை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இவர் 1882-ஆம் ஆண்டு, வல்லாடோலிட் மாகாணத்தைச் சார்ந்த போர்ட்டில்லோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். வல்லாடோலிட் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று, 1905-இல் தேறினார். சில காலம் சொந்த ஊரில் வைத்தியம் செய்தும், அவர் உள்ளம் ஆராய்ச்சியையே நாடிற்று. ஆதலின் மாட்ரிட் நகரை அடைந்து, நிக்கோலாஸ் அச்சூக்காரோ என்னும் அறிஞர்பால் மூளையின் நுண்ணமைப்பை ஆராயும் முறையைக் கற்றார். அச்சூக்காரோ 1918-இல் இளவயதிலேயே இறந்தார். அக்காலத்தில் ஸ்பெயினில் இத்துறைக்குத் தனிப்பெருந் தலைவராய் விளங்கியவர், 1906-இல் நோபெல் பரிசு பெற்ற ரமோன் கஹால் ஆவர்.

மூளையில் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றிற்குத் துணையாய் விண்மீன் வடிவுடைய அணுக்களும் உள்ளன. இவ்விருவகையன்றி எஞ்சியவற்றை 1913-இல் கஹால் மூன்றாம் பகுதி எனக் குறித்தார். அவர் கையாண்ட சாய முறைகளில் அவ்வணுக்கள் கிளைகளற்ற வெறும் உருண்டைகளாகவே தோன்றின. ரியோ ஓர்தேகாவோ வெள்ளிக் கார்பனேட்டைக்கொண்டு புதியதொரு சாய முறையைச் சமைத்தார். அம்முறையிற் பூதக்கண்ணாடி வழியே நோக்கியபோது, உருண்டைகள் எனப்பட்டவை கிளைத்த உருவங்களாய்த் தெளிவுற விளங்கின. அவை ஒரு வகையல்ல, இரு வகை என்றும் கண்டார். ஒன்றினை 1919-இல் மைக்ரோக்ளியா என வெளியிட்டார். மற்றொன்று சிலவாகிய கிளைகளை உடைமையின் ஒலிகோடெண்ட்ரோக்ளியா எனப் பெயர்பெற்றது. இதனை 1921-இல் விரித்துரைத்தார்.

ஆசிரியரோ இரண்டாம் வகையை ஒப்பவில்லை. தம் சாயத்திற் புலப்படாத ஒன்றை அவர் ஐயுற்றார். இதனோடு வேறு மனவேற்றுமைகளும் சேர, 1920-இல் ரியோ ஓர்தேகா கஹாலின் ஆய்வுக்கூடத்தினின்று வெளியேற்றப்பட்டார். மாட்ரிட்டில் மாணவர் இல்லம் ஒன்றில் அமைந்த சிற்றாய்வுக்கூடமே பின்னர் அவர்க்குப் புகலாயிற்று. அங்கும் அவர் சோர்ந்திலர். ஆசிரியரைத் தூற்றுதலிற் காலங் கழிக்காது, சாயமிட்டுக் காண்டலையே தொழிலாகக் கொண்டார். 1924-இல் வட அமெரிக்காவினின்று வந்த வைல்டர் பென்பீல்டு என்னும் மருத்துவர் அச்சிறு கூடத்திற் பயின்று, ஒலிகோடெண்ட்ரோக்ளியா உண்டென்பதைத் தாமும் கண்டு உறுதிப்படுத்தினார்.

இவ்வணுவின் தொழில் யாது? நரம்பிழைகளைச் சூழ்ந்து மையலின் என்னும் கொழுப்பு உறை உண்டு. அவ்வுறையால் நரம்புச் செய்தி பன்மடங்கு விரைந்து செல்லும். மூளையில் அவ்வுறையை அமைப்பது ஒலிகோடெண்ட்ரோக்ளியாவே என ரியோ ஓர்தேகா கருதினார். அவர் மறைவிற்குப் பின், 1960-களின் தொடக்கத்தில், எலெக்ட்ரான் நுண்ணோக்கி அக்கருத்தை மெய்ப்பித்தது.

அவர் கண்டவை உயிர் நீங்கிய அணுக்கள். உயிரோடிருக்கும் அணு எவ்வாறு வளர்ந்து முதிர்கிறது என்பதைப் பின்வந்தோர் ஆராய்ந்தனர். இளம் அணுவின் புறத்தே வந்து பொருந்தும் பி.டி.ஜி.எப். என்னும் புரதம், பெருகுக என்னும் செய்தியை உட்செலுத்துகிறது. உள்ளே ஒரு புரதம் மற்றொன்றன்மேல் பாஸ்பேட்டை ஏற்ற, அது பிறிதொன்றைத் தூண்ட, இவ்வாறு செய்தி கைமாறி அணுவின் கருவை அடைகிறது. உரிய காலத்திற் பெருக்கம் ஒழிந்து, முதிர்ச்சி தொடங்குகிறது; இதற்குத் தைராய்டு சுரப்பியின் நீரும் துணையாம். ஏ.கே.டி., எம்டார் என்னும் புரதங்கள் வழிச் செல்லும் செய்தி முதிர்தற்கும் உறை அமைத்தற்கும் உதவுகிறது, இ.ஆர்.கே. வழிச் செல்வது உறையின் தடிப்பை ஆளுகிறது. எலிகளில் ஏ.கே.டி.யை மிகைப்படுத்தியபோது உறை மிகத் தடித்தது, இ.ஆர்.கே. நீக்கப்பட்டபோது மெலிந்தது. மல்டிபிள் ஸ்கிளரோஸிஸ் என்னும் நோயில் உறை அழிந்த இடங்களில் இளம் அணுக்கள் இருந்தும், பல முதிராது நின்றுவிடுகின்றன. அவற்றை முதிரச்செய்யும் வழி தெரியின் நோயாளர் துயர் பெரிதும் குறையும். ஆகவே இவ்வாராய்ச்சி வெறும் வியப்புக்குரியதன்று.

மீண்டும் அவர் சரிதைக்கு வருவோம். 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டமையால் அவர் தாய்நாட்டை நீத்தார். பாரிஸிலும் ஆக்ஸ்போர்டிலும் உழைத்து, 1940-இல் அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரைச் சேர்ந்தார். நோபெல் பரிசுக்கு இருமுறை முன்மொழியப்பட்டும் அது அவரை அடைந்திலது. 1945-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், வேற்றுமண்ணிலேயே புற்றுநோயால் உயிர் நீத்தார். நெடுங்காலம் ஆராய்ந்த நோய்களுள் ஒன்றே அவர்க்குக் கூற்றாயிற்று. 1986-இல் அவர்தம் உடலெச்சங்கள் வல்லாடோலிட் நகருக்குக் கொணரப்பட்டன.

கஹாலின் பெருமை இதனால் குன்றாது. நரம்பணுவின் தனித்தன்மையை உலகிற்கு உணர்த்தியவர் அவரே. பெரியோரும் தம் கருவி காட்டாததைக் காண்டல் அரிது என்பதே நாம் கொள்ளத்தக்கது. கல்லூரியிற் பயிலும் நாம், ஆசிரியரை மதித்தலையும் உண்மையை மறையாமையையும் ஒருங்கே கைக்கொள்ள இயலுமா என்று ஐயுறுதல் உண்டு. இயலும் என்பதற்கும், அதற்குரிய விலை சிறிதன்று என்பதற்கும் ரியோ ஓர்தேகாவே சான்று.