ஸ்கேன் தந்த டாக்டர்

நம்ம வீட்ல அக்காவோ அண்ணியோ ஸ்கேன் எடுக்கப் போனா, தண்ணி நிறைய குடிச்சிட்டு வரச் சொல்வாங்க. ஏன் தெரியுமா? அதுக்குக் காரணமானவர் இயான் டொனால்டு.

1910-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை டாக்டர். எரியும் விமானத்திலிருந்து வீரர்களை மீட்டு விருது வாங்கியவர்! ரேடார், சோனார் கருவிகளெல்லாம் அங்கேதான் பழக்கமாச்சு.

1954-ல் கிளாஸ்கோவில் மகப்பேறு பேராசிரியர் ஆனார். பாய்லர் கம்பெனியில் இரும்பில் விரிசல் இருக்கான்னு ஒலி அலை அனுப்பிப் பார்ப்பார்கள். 1955-ல், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு அங்கே போய்ட்டார். நீர்க்கட்டி ஒரு மாதிரி எதிரொலி தந்தது, கெட்டியான கட்டி வேறு மாதிரி. பிறகு டாம் பிரவுன் என்ற இளம் இன்ஜினியர் கருவியைச் செம்மைப்படுத்தினார்.

அப்போ ஒரு பெண்ணுக்கு வயிறு வீங்கியிருந்தது. புற்றுநோய், காப்பாற்ற முடியாதுன்னு கைவிட்டாச்சு. கருவியில் பார்த்தால் நீர்க்கட்டி! ஆபரேஷன் செய்து எடுத்தாங்க, அவர் பிழைச்சுக்கிட்டார். 1958-ல் இந்த ஆராய்ச்சி லான்செட் இதழில் வந்தது.

சிறுநீர்ப்பை நிறைந்திருந்தா குடலை ஒதுக்கி, ஜன்னல் மாதிரி இருந்து, சின்னக் கருவையும் காட்டும்னு 1963-ல் சொன்னதும் இவர்தான்.

இப்போ ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே இருக்குன்னு சொன்னா வீடே பயந்துடும். கருப்பை வளர வளர, பெரும்பாலும் அது மேலே போயிடும். அதனாலதான் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க.

டொனால்டுக்கே இதய நோய். பலமுறை இதய ஆபரேஷன் ஆனபிறகும் வேலையை விடலை. 1987-ல் காலமானார்.