ஆறு இலக்கம் தந்த மனிதர்

பாபநாசம்னு சொன்னா உங்களுக்கு எது ஞாபகம் வருது? நம்ம ஊர்க்காரங்களுக்கு அது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல இருக்கு. திருநெல்வேலிக்காரங்களுக்கு அது தாமிரபரணிக் கரையில இருக்கு. பின்கோடு இல்லாத காலத்துல வேலைக்கான ஆர்டர் ஒண்ணு தபால்ல வருதுன்னு வைங்க. மாவட்டப் பேர் அழிஞ்சிருந்தா அது எந்தப் பாபநாசத்துக்குப் போகும்? தப்பான ஊருக்குப் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள வேலையில சேர வேண்டிய தேதியே தாண்டிடும்.

நாடு முழுக்க இருந்த இந்தக் குழப்பத்துக்குத் தீர்வு கண்டவர் ஸ்ரீராம் பிகாஜி வெலங்கர். 1915ல் பிறந்த மராட்டியர். தபால் தந்தி வாரியத்தில் மூத்த உறுப்பினராக இருந்தார். ஒரே பேரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள். எந்த மொழிக்காரரும் படிக்கக்கூடியது எண்தான். 1972 ஆகஸ்ட் 15ல் பின்கோடு நடைமுறைக்கு வந்தது.

அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்க. முதல் எண் மண்டலம்: 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். 61 என்றால் நம்ம டெல்டா. மூணாவது எண் சேர்ந்தா பிரிக்கும் மாவட்டம்: திருவாரூர் 610, நாகப்பட்டினம் 611, கும்பகோணம் 612, தஞ்சாவூர் 613. கடைசி மூணு எண் தபாலைப் பட்டுவாடா பண்ற அலுவலகம். நம்ம பாபநாசம் 614, திருநெல்வேலிப் பாபநாசம் 627. குழப்பம் தீர்ந்தது. நாம டேட்டா ஸ்ட்ரக்சர்ல படிக்கிற ட்ரீ இதேதான்!

இன்னைக்கு மொத்தமா தபால் அனுப்புற நிறுவனங்களும் இந்த ட்ரீ மேலதான் நிக்குது. முகவரிப் பட்டியலைப் பின்கோடு வரிசையில அடுக்கி, ஒவ்வொரு கவர்லயும் பார்கோடு ஒட்டிக் கொடுப்பாங்க. ஸ்பீட் போஸ்ட் பார்கோடுல முதல்ல ரெண்டு எழுத்து, அப்புறம் ஒன்பது எண், கடைசியில நாட்டுக்கான ரெண்டு எழுத்து. ஒன்பதாவது எண் செக் டிஜிட். முதல் எட்டு எண்ணையும் 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து வர்ற மீதியில இருந்து அது கிடைக்கும். ஒரு எண் தப்பா அடிச்சா பெரும்பாலும் மாட்டிக்கும். அளவு கூடக்கூட கட்டணத்துல தள்ளுபடியும் உண்டு. பார்கோடு கவரை அடையாளம் காட்டும். அது எங்கே போகணும்னு சொல்றது பின்கோடுதான்.

வெலங்கர் இன்ஜினியர் இல்லை. சமஸ்கிருதக் கவிஞர், அந்த மொழியில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதியவர். 1973 கடைசியில் ஓய்வு பெற்றார். 1996ல் சமஸ்கிருதத்துக்காகக் குடியரசுத் தலைவர் விருது வாங்கினார். 1999ல் காலமானார். அவர் போட்ட ஆறு இலக்கத்தை நாம தினமும் ஏதாவது ஃபார்ம்ல நிரப்புறோம், பேர் மட்டும் நிறையப் பேருக்குத் தெரியாது.

பிளேஸ்மென்ட் சீசன் வருது. ஆஃபர் லெட்டர், பாஸ்போர்ட், ஏடிஎம் கார்டு எல்லாம் தபால்ல வரலாம். ஃபார்ம் நிரப்பும்போது கடைசி மூணு எண்ணையும் சரிபாருங்க. தஞ்சாவூர்ல எல்லார் வீடும் 613001 இல்லை.