வூடி கத்ரியின் மனைவி

வூடி கத்ரி என்றால் நம்ம இளைஞர்களில் பலருக்கு யாரென்று தெரியாது. கித்தார் வாசிக்கிற நண்பர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். 1912-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பிறந்து, ஏழைத் தொழிலாளர்களுக்காகப் பாடித் திரிந்தவர். பாப் டிலன் தேடிப்போய்ப் பார்த்த மனிதர். ஆனால் நான் சொல்ல வந்தது அவர் மனைவி மார்ஜரியைப் பற்றி.

வூடியின் அம்மாவுக்கு ஒரு விசித்திரமான நோய். கை கால் தானாக ஆடும், திடீரென்று கோபம் வரும். ஊர்க்காரர்கள் பைத்தியம் என்றே முடிவுகட்டினார்கள். வூடி பதின்ம வயதில் இருக்கும்போது அம்மாவை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் வீடு திரும்பவே இல்லை. பிறகு 1940-களின் கடைசியில் அதே ஆட்டம் மகனுக்கும் வந்தது. குடிகாரன் என்றார்கள். 1952-இல்தான் அது ஹண்டிங்டன் நோய் என்று தெரிந்தது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலும் முப்பது நாற்பது வயதில்தான் தலைகாட்டும். அதற்குள் கல்யாணமாகி, பிள்ளைகளும் பிறந்திருக்கும்!

மார்ஜரி மார்த்தா கிரகாம் குழுவில் ஆடிய நடனமணி. வூடியோடு விவாகரத்து ஆன பிறகும் அவரைக் கைவிடவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்த்துக்கொண்டார். வூடி 1967 அக்டோபரில் இறந்தார். அந்த நோயை டாக்டர் ஜார்ஜ் ஹண்டிங்டன் 1872-இலேயே விவரித்து எழுதிவிட்டார். தொண்ணூற்றைந்து வருஷம் ஆகியும் மருந்து கிடையாது. நோயாளிகள் குறைவு, அதிலும் குடும்பங்கள் வெளியே சொல்வதில்லை. யார் காசு போடுவார்கள்?

அதே 1967-இல் மார்ஜரி, விரல் விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு ஹண்டிங்டன் நோயை எதிர்க்கும் குழு ஒன்றைத் தொடங்கினார். அந்த அம்மா விஞ்ஞானி இல்லைங்க. ஊர் ஊராகப் போய், மறைத்து வைத்திருந்த குடும்பங்களைப் பேச வைத்தார்; டாக்டர்களையும் அரசியல்வாதிகளையும் விடாமல் துரத்தினார். எனக்கு இதில் பெரிதாகப் படுவது, பேச வைத்ததுதான். நம்ம வீடுகளில் பெண் பார்க்கும் பேச்சு நடக்கும்போது பரம்பரை நோயை எப்படிப் பூட்டி வைக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். கேட்டால், பூர்வஜென்மப் பாவம் என்பார்கள். மூடி வைத்த நோய்க்கு எந்த அரசாங்கமும் பணம் ஒதுக்காது.

1970-களில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த நோய்க்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. தலைவர் மார்ஜரி. அதை நடத்தியவர் நான்சி வெக்ஸ்லர். அவருடைய அம்மாவுக்கும் இதே நோய். ஆணையத்தின் பரிந்துரையால் ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது. வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரையில் இந்த நோய் நிறைந்த பெரிய குடும்பங்கள் இருந்தன. வெக்ஸ்லர் குழு வருஷா வருஷம் அங்கே போய், வம்சாவளி எழுதி, இரத்த மாதிரி எடுத்து வந்தது. அதை வைத்து 1983 நவம்பரில், குறை நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மரபணுவையே பிடிக்க இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.

இன்று இரத்தப் பரிசோதனை இருக்கிறது. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அதனால் பரிசோதனையே வேண்டாம் என்று இருப்பவர்களும் நிறைய. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வூடியின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள்கள் இருவர் இந்த நோயால்தான் இறந்தார்கள்.

நவம்பர் செய்தியைக் கேட்க மார்ஜரி இல்லை. அந்த வருஷம் மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். அவர் தொடங்கிய குழு, பெயர் மாறி, அமெரிக்காவில் இன்னும் நிதி திரட்டிக்கொண்டிருக்கிறது.