பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 - ஜூலை 8, 2003) தொழுநோயாளரின் கை, கால் சீரமைப்பு அறுவை மருத்துவத்தில் முன்னோடியாக விளங்கிய ஆங்கிலேய மருத்துவர் ஆவார்.

வாழ்க்கைச் சுருக்கம்

தமிழ்நாட்டின் கொல்லிமலையில் கிறித்தவ சமயப்பணி ஆற்றிய ஜெசி, ஈவ்லின் இணையருக்கு மகனாகப் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். 1947 இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, நோயாளரின் மடங்கிய விரல்களிலும் வலிமை எஞ்சியிருப்பதைக் கண்டார். பின்னர் தசைநாண் மாற்று அறுவை மூலம் அத்தகைய கைகளை மீண்டும் இயங்கச் செய்தார்.

பாதம் காக்கும் மருத்துவம்

தொழுநோயால் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்வதாக அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. ஆறாத புண்களால் பலர் காலை இழந்தனர். உணர்வு நரம்புகள் செயலிழப்பதால் வலி தெரியாமற் போவதே இதற்கு அடிப்படை என்று பிராண்ட் விளக்கினார். புண்பட்ட காலை ஊன்றித் தொடர்ந்து நடப்பதால் ஏற்படும் அழுத்தம் புண்ணை ஆழமாக்குகிறது. ஆகவே, பாதத்தோடு ஒட்டி அமையும் மாவுக்கட்டு இட்டு அழுத்தத்தைப் பரவச் செய்தார். புண் ஆறியபின் மென்மையான ரப்பர் அடியிட்ட காலணிகள் வழங்கப்பட்டன. இதனால் வெட்டி அகற்றப்படவிருந்த பல பாதங்கள் காக்கப்பட்டன. எலும்பிலும் தொற்று முற்றிய நிலையில் கால் நீக்கம் தேவைப்படுவதுண்டு.

பிற்காலம்

1960 இல் லாஸ்கர் விருது பெற்றார். 1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கிருந்து அவரது மாவுக்கட்டு முறை நீரிழிவு நோயாளரின் பாதப்புண் மருத்துவத்திலும் பரவியது. சியாட்டில் நகரில் காலமானார்.