மரபு காத்த யோகாசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்

குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு கலை, பிள்ளைகள் வேறு தொழிலை நாடிச் சென்றபின் என்னாகும்? பிழைப்பை நாடி மும்பைக்கு வந்து, கோவண்டியிலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியமர்ந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று. பாட்டனார் அறிந்திருந்த சிலம்பமும் நாட்டு மருத்துவமும் பேரன் காலத்தில் பெயரளவில் நின்றுவிட்ட குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆதலின், குடும்பக் கலையொன்றை இரு முறை அழிவினின்றும் மீட்ட ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மலர் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், கன்னட நாட்டுச் சித்திரதுர்க்கப் பகுதியிலுள்ள முசுகுந்தபுரத்தில் பிறந்தார். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்தளித்த நாதமுனிகளைத் தம் முன்னோராகக் கொண்டு போற்றிய வைணவக் குடும்பம் அது. நாதமுனிகள் யோகத்திலும் வல்லவர் என்பது வைணவ மரபு. இளமையிலேயே தந்தையார் மகனுக்கு வேதமும் ஆசனப் பயிற்சியும் கற்பிக்கத் தொடங்கினார். ஆயினும் மகனுக்குப் பத்து வயது ஆகும்போதே அவர் காலமாயினார். குடும்பம் மைசூருக்குப் பெயர்ந்தது. தந்தையிடம் தொடங்கிய பாடம் பாதியிலேயே நின்றது.

நின்ற பாடத்தைத் தேடி இளைஞர் புறப்பட்டார். பதினாறாம் வயதில் ஆழ்வார்திருநகரியை அடைந்து, அங்கே தம்மை மறந்த நிலையில் நாதமுனிகளின் யோக ரகசியம் என்னும் நூலைக் கேட்டுணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். நம்மாழ்வார் பிறந்த அவ்வூரிலேயே நாதமுனிகளும் மறைந்த பாசுரங்களைப் பெற்றார் என்பதை நம் அன்பர்கள் அறிவர். பின்னர்க் காசியில் வடமொழிச் சாத்திரங்களைக் கற்றார். இமயத்துக்கு அப்பால் மானசரோவர்ப் பகுதியில் வாழ்ந்த இராமமோகன பிரம்மசாரி என்பாரிடம் ஏழாண்டுகளுக்கு மேல் யோகம் பயின்றதாகவும் உரைத்தார். குருதட்சிணையாக அவ்வாசிரியர் பொருள் எதனையும் கேட்கவில்லை. இல்லறம் ஏற்று, மக்களைப் பெற்று, யோகத்தைப் பிறர்க்குக் கற்பிக்குமாறு பணித்தார்.

சாத்திரப் புலமையால் உயர்பதவிகளைப் பெற்றிருக்கக்கூடிய அவர், அப்பணியையே மேற்கொண்டார். 1925-ஆம் ஆண்டு நாமகிரியம்மாளை மணந்தார். அந்நாளில் யோகத்தைக் கற்க விரும்புவார் மிகச் சிலரே. கற்பிப்பவருக்கு வருவாயும் இல்லை. ஆகவே ஹாசன் பகுதியில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலைக்கு அமர்ந்தார். ஓய்வு நாள்களில் ஊர் ஊராகச் சென்று யோகத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார்.

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு இந்நிலையை மாற்றியது. 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு யோக மகரந்தம் என்னும் கன்னட நூலை அவர் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மன்னர் அவரை நம் மும்பைக்கு அண்மையிலுள்ள லோனாவாலாவிற்கு அனுப்பி, சுவாமி குவலயானந்தரின் கைவல்யதாம ஆராய்ச்சிகளைக் கண்டுவரச் செய்தார். அக்காலத்தில் அவரிடம் வந்து சேர்ந்தவர் மனைவியின் தம்பியான பி. கே. எஸ். ஐயங்கார். நோயால் நலிந்திருந்த அவ்விளைஞரே பின்னாளில் உலகறிந்த ஆசிரியரானார். பட்டாபி ஜோயிசும் மைசூரில் அவரிடம் பயின்றவரே. ரீகா நகரிற் பிறந்த இந்திரா தேவி என்னும் பெண்மணியை முதலில் ஏற்க மறுத்து, மன்னரின் வேண்டுகோளால் ஏற்றுக்கொண்டார். பின்னர் அவரையே பிறர்க்குக் கற்பிக்குமாறு பணித்தார்.

மைசூரில் அவர் மிகவும் கண்டிப்பான ஆசிரியர். மாணாக்கர் அவர்பால் அஞ்சியே ஒழுகினர். இளைஞர்க்கு விரைவாகத் தொடரும் ஆசனங்களைப் பயிற்றினார். அரண்மனையிலிருந்த உடற்பயிற்சி முறைகளின் சாயலும் அவற்றில் உண்டு என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். மரபு காப்பவர் புதியதை ஏற்கலாகாது என்பார்க்கு இஃது ஒரு விடையாகும்.

நாடு விடுதலை பெற்றபின் அரண்மனை ஆதரவு நீங்கியது. 1950-இல் யோகசாலை மூடப்பெற்றது. அறுபது வயது கடந்த நிலையில், 1952-ஆம் ஆண்டையொட்டி, பக்கவாதத்தால் துன்புற்ற சட்ட வல்லுநர் ஒருவருக்கு உதவச் சென்னை சென்ற அவர், அங்கேயே தங்கினார். நோயுற்றோரும் முதியோரும் வந்தனர். எல்லாருக்கும் ஒரே பயிற்சியைத் தராது, ஒவ்வொருவரின் வயது, வலிமை, தொழில், நோய் ஆகியவற்றை ஆராய்ந்து தனித்தனியே கற்பிக்கும் முறை அங்கே முதிர்ச்சி பெற்றது. நாடி பார்த்தலும் ஆயுர்வேதமும் அதற்குத் துணை நின்றன. பெண்டிர்க்கு வேதம் ஓதவும் கற்பித்தார்.

எனினும் அவர் மகன் தேசிகாச்சார் பொறியியல் பட்டம் பெற்று, வேறு வழியிற் செல்ல இருந்தார். ஒருநாள் வீட்டு வாயிலில் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் ஓடிவந்து தந்தையாரைத் தழுவி நன்றி கூறுவதைக் கண்டு திகைத்தார். நெடுநாள் உறக்கமின்றி வருந்திய அப்பெண்மணி, முந்தைய இரவு மருந்தின்றி உறங்கினார் என்பதைத் தந்தையார் விளக்கினார். தம் வீட்டில் இத்தகைய அரிய கலை இருந்தும் அதனை அறியாதிருந்தோமே என உணர்ந்த மகன், தொழிலைத் துறந்து தந்தைக்கு மாணாக்கரானார். 1976-இல் சென்னையில் தந்தையார் பெயரால் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவினார்.

நூறாண்டு கடந்து வாழ்ந்த ஆசிரியர் 1989-இல் மறைந்தார்; தேசிகாச்சார் 2016-இல் மறைந்தார். ஒரு கலை குருதி வழியே தானாக வந்து சேர்வதன்று. தந்தையை இழந்த மகன் தேடிச் சென்று கற்றதாலும், விலகியிருந்த மகன் மனம் மாறி அமர்ந்து கற்றதாலும் இக்கலை நின்றது. நம் சங்கத்து இல்லங்களிலும் ஏதேனும் ஒரு கலையை அறிந்த முதியோர் இருப்பர். அவர்கள் உள்ளபோதே நம் பிள்ளைகளை அவர்கள் அருகில் அமரச் செய்வோமாக.